ஆலோசனை ஆணையாகும் வழி

இந்திய யூனியன் சர்க்காரின் ஆணை ஒன்றை எடுத்துப் பார்த்தால், அது ஒரு தூதரை நியமிப்பதாயினும் சரி, ஒரு விசாரணைக் கமிஷனை அமைப்பதாயினும் சரி, ஓர் இலாகாவில் புதிய பதவிகளைச் சிருஷ்டிப்பதாயினும் சரி, அது ஜனாதிபதியின் பெயரால் பிறப்பிக்கப்பட்டதாகவே எழுதப்பட்டிருக்கும். அதன் அடியில் கையொப்பமிட்டிருப்பவரோ பெரும்பாலும் ஜனாதிபதி அல்லர், தில்லிச் செயலகத்தின் ஏதோ ஓர் அறையில் அமர்ந்திருக்கும் சார்புச் செயலாளரோ இணைச் செயலாளரோ ஆவார். அத்தகைய ஆணைகளில் பலவற்றை ஜனாதிபதி கண்டிருக்கவும் மாட்டார். காண வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதும் இல்லை. அரசியல் சாசனத்தின் 53-ஆம் ஷரத்து யூனியனின் நிர்வாக அதிகாரம் முழுவதையும் ஜனாதிபதியிடம் ஒப்படைக்கிறது. 74-ஆம் ஷரத்து அவருக்கு உதவியும் ஆலோசனையும் தருவதற்குப் பிரதம மந்திரியைத் தலைவராகக் கொண்ட ஒரு மந்திரி சபையை ஏற்படுத்துகிறது. 77-ஆம் ஷரத்து சர்க்காரின் நிர்வாகக் காரியங்கள் யாவும் அவர் பெயரால் நடைபெற வேண்டும் என்று விதித்துவிட்டு, அக்காரியங்களை நடத்தும் முறையையும் அவற்றை மந்திரிகளுக்குப் பங்கிடும் முறையையும் விதிகளாக வகுத்துக்கொள்ளச் சொல்கிறது. முதலிரண்டு ஷரத்துகளைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். மூன்றாவதைப் பற்றி வழக்கறிஞர்களும் செயலக உத்தியோகஸ்தர்களும் அன்றி மற்றவர்கள் பேசுவது அபூர்வம். ஆயினும் ஒருவரிடம் இருப்பதாகச் சொல்லப்படும் அதிகாரம் வேறு சிலரால் செலுத்தப்படும் ஓர் அமைப்பில், ஆலோசனையானது எந்த வழியாக நடந்து ஆணையாக மாறுகிறது என்பதே பிரதான விஷயம் என்பதும், அவ்வழி குறுக்கப்பட்ட வேளைகளில்தான் நம் நிர்வாகம் மிகப் பெரிய ஆபத்துகளைச் சந்தித்தது என்பதும் என் அபிப்பிராயம்.

அரசியல் நிர்ணய சபையில் இருந்தவர்கள் இந்த இருமையை அறியாமல் ஏற்றவர்கள் அல்லர். நிர்வாகத் தலைவரை ஜனங்களே நேராகத் தேர்ந்தெடுத்து, சட்டசபையினின்றும் பிரித்து நிறுத்தும் அமெரிக்க முறையைப் பேராசிரியர் கே. டி. ஷா போன்றோர் விடாமல் வற்புறுத்தினார்கள். சபை அதை ஏற்கவில்லை. 1948 நவம்பர் 4-ஆம் தேதி நகல் சாசனத்தைச் சபையின் முன் வைத்துப் பேசிய டாக்டர் அம்பேத்கர், நிர்வாகம் ஸ்திரமாகவும் இருக்க வேண்டும், பொறுப்புள்ளதாகவும் இருக்க வேண்டும், ஆனால் இரண்டையும் சம அளவில் தரும் முறையை இதுகாறும் எவரும் கண்டுபிடிக்கவில்லை என்னும் கருத்தை விளக்கி, அமெரிக்க முறையில் ஸ்திரம் மிகுதி, பிரிட்டிஷ் முறையில் பொறுப்பு மிகுதி, நகலைத் தயாரித்தவர்கள் பொறுப்பையே தேர்ந்துகொண்டார்கள் என்றார். தேர்தலுக்குத் தேர்தல் மட்டும் கணக்குக் கேட்பதற்குப் பதிலாக, கேள்விகளாலும் ஒத்திவைப்புத் தீர்மானங்களாலும் நம்பிக்கையில்லாத் தீர்மானங்களாலும் அன்றாடம் கணக்குக் கேட்கும் முறை அது. அதில் ஜனாதிபதிக்கு உரிய ஸ்தானம் இங்கிலாந்து மன்னருடையது.

அப்படியானால் ஜனாதிபதி மந்திரி சபையின் ஆலோசனைக்குக் கட்டுப்பட்டவர் என்று வெளிப்படையாக எழுதியிருக்கலாமே என்னும் கேள்வி அப்போதே எழுந்தது. ஜனாதிபதிக்கு வழிகாட்டும் அறிவுரைகள் அடங்கிய ஒரு பிற்சேர்க்கையைச் சேர்க்கலாம் என்ற யோசனை வந்து, 1949-இல் அது தேவையில்லை என்று கைவிடப்பட்டது. இங்கிலாந்தில் எழுதாமலே நிலைத்த சம்பிரதாயம் இங்கும் எழுதாமலே நிலைத்துவிடும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. சம்பிரதாயம் என்பது நூற்றாண்டுகளின் விளைவு. ஒரு குடியரசு பிறந்த அன்றே அது முழு வளர்ச்சியோடு கூடப் பிறந்திருக்கும் என்று எண்ணியது, அப்பெரியோர்களின் மேதையைக் குறைத்து மதிப்பதாகாமல் சொல்ல முடியுமானால், சற்று மிகையான நம்பிக்கைதான்.

அந்த நம்பிக்கையை முதலில் சோதித்தவர், அதே சபைக்குத் தலைமை வகித்த ராஜேந்திர பிரசாதே ஆவார். 1951 செப்டம்பரில், ஹிந்து சட்டத் தொகுப்பு மசோதா பார்லிமெண்டின் முன் இருந்த சமயத்தில், அம்மசோதாவைப் பற்றித் தம் சொந்த நிதானப்படி நடந்துகொள்ளத் தமக்கு உரிமை உண்டு என்னும் தோரணையில் அவர் பிரதம மந்திரி நேருவுக்கு எழுதினார். நேரு சட்ட நிபுணர் இருவரின் கருத்தைக் கேட்டார். ஒருவர் அட்டர்னி ஜெனரல் செதல்வாட். மற்றவர், சென்னை ராஜதானியின் அட்வகேட் ஜெனரலாக நீண்ட காலம் இருந்தவரும் சாசன நகல் குழுவில் அங்கம் வகித்தவருமான அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். ஜனாதிபதிக்கு அத்தகைய தனியுரிமை கிடையாது என்பதே இருவரின் முடிவு. பிரசாத் தம் கருத்தை வற்புறுத்தவில்லை. பின்னர் அத்தொகுப்பு தனித்தனிச் சட்டங்களாகப் பிரிந்து நிறைவேறியபோது அவரே சம்மதமும் அளித்தார். எனினும் ஐயம் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. 1960 நவம்பரில், தில்லியில் இந்திய சட்ட நிறுவனத்தின் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிப் பேசுகையில், ஜனாதிபதியின் அதிகாரங்கள் பிரிட்டிஷ் மன்னருடையவற்றிலிருந்து எந்த அளவுக்கு வேறுபடுகின்றன என்பதை அறிஞர்கள் ஆராய வேண்டும் என்று அவர் பகிரங்கமாகவே கேட்டுக்கொண்டார். ஒரு ராஜ்யத்தின் தலைவர் தம் அதிகாரம் எவ்வளவு என்று சட்ட மாணவர்களைக் கேட்பது உலக சரித்திரத்தில் அடிக்கடி காணும் காட்சியன்று. அதைக் கேட்டவரின் நேர்மையும் அதில் தெரிகிறது.

விடை நீதிமன்றங்களிலிருந்து வந்தது. அதுவும் எதிர்பாராத வழக்குகளின் வழியாக. பஞ்சாப் சர்க்கார் பள்ளிப் பாடப் புத்தகங்களைத் தானே அச்சிட்டு வெளியிட முற்பட்டபோது, பிழைப்பில் மண் விழுந்த பதிப்பாளர்கள், இதற்கென ஒரு சட்டம் இல்லாமல் நிர்வாகம் வியாபாரத்தில் இறங்கலாமா என்று சுப்ரீம் கோர்ட்டைக் கேட்டார்கள். 1955-இல் தீர்ப்பளித்த தலைமை நீதிபதி பி. கே. முகர்ஜி, நிர்வாக அதிகாரத்துக்கு முழுமையான இலக்கணம் கூற இயலாது, சட்டம் இயற்றுவதையும் நீதி வழங்குவதையும் கழித்துவிட்டால் அரசின் காரியங்களில் எஞ்சுவது எதுவோ அதுவே நிர்வாகம் என்று பொதுவாகக் கொள்ளலாம் என்றும், அந்த அதிகாரத்தில் ஜனாதிபதி பெயரளவிலான தலைவரே, உண்மையில் செலுத்துபவர்கள் மந்திரிகளே என்றும் கூறினார். பாடப் புத்தகத் தகராறு ஒன்றே இந்தியாவில் நிர்வாகம் என்றால் என்ன என்பதற்கு இன்றளவும் மேற்கோளாகும் இலக்கணத்தைத் தந்தது என்பது வினோதம். எஞ்சியவை எல்லாம் நிர்வாகம் என்றால், அதற்கு எல்லை வகுப்பது சுலபமன்று என்பதும் அந்த இலக்கணத்திலேயே அடங்கியிருக்கிறது.

அடுத்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்தில் தொடங்கியது. 1970 டிசம்பர் இறுதியில் லோக்சபை கலைக்கப்பட்டபின், எந்தச் சபைக்கு மந்திரிகள் பொறுப்புடையவர்களோ அந்தச் சபையே இல்லாதபோது, இந்திரா காந்தி எந்த அதிகாரத்தால் பிரதம மந்திரியாக நீடிக்கிறார் என்று ஒருவர் கேட்டார். வாதம் சாதுரியமானது. ஆனால் அதை ஏற்றால், பொறுப்புச் சொல்ல ஆளில்லாத ஜனாதிபதி ஆட்சியே பொதுத் தேர்தலுக்குப் பொதுத் தேர்தல் நிகழும். ஜனாதிபதிக்கு எக்காலத்திலும் ஒரு மந்திரி சபை இருந்தே ஆகவேண்டும் என்று 1971 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் முடிவு செய்தது. 1974-இல், பஞ்சாபில் வேலை நீக்கப்பட்ட கீழ்க்கோர்ட்டு நீதிபதிகள் இருவரின் வழக்கில், ஏழு நீதிபதிகள் கொண்ட பெஞ்சு, சாசனம் ஜனாதிபதியின் திருப்தி என்று எங்கே சொன்னாலும், மிகச் சில விலக்குகள் நீங்கலாக, அது அவருடைய சொந்த மனத்தின் திருப்தியன்று, மந்திரி சபையின் திருப்தியே என்று தீர்த்துச் சொல்லியது. எழுதாத சம்பிரதாயம் எழுத்துருவம் பெறக் குடியரசுக்கு இருபத்துநான்கு ஆண்டுகள் ஆயின. 1976-இல் 42-ஆம் திருத்தம் ஜனாதிபதி ஆலோசனைப்படியே நடக்க வேண்டும் என்று சாசனத்திலேயே பொறித்தது. 1978-இல் 44-ஆம் திருத்தம், ஒரு முறை மறுபரிசீலனை செய்யுமாறு கேட்கும் உரிமையை மட்டும் அவருக்கு அளித்தது.

இவ்வளவும் ஜனாதிபதிக்கும் மந்திரி சபைக்கும் இடையேயுள்ள விவகாரம். பிரசாத் முதல் 42-ஆம் திருத்தம் வரை நம் அறிஞர்களின் கவனம் முழுவதும் இந்த வாசலிலேயே நின்றுவிட்டது. ஆலோசனைக்கு ஜனாதிபதி கட்டுப்பட்டவரா என்று கால் நூற்றாண்டு விவாதித்தவர்கள், அந்த ஆலோசனை மந்திரி சபையின் ஆலோசனைதானா, அன்றி ஒருவரின் விருப்பம் மந்திரி சபையின் பெயரைச் சூடிக்கொண்டு வந்ததா என்று கேட்க மறந்தார்கள்.

அக்கேள்விக்கு விடை 77-ஆம் ஷரத்தின்படி வகுத்த விதிகளில் இருக்கிறது. அவற்றின் பூர்வோத்தரம் 1861-க்குப் போகிறது. அதற்கு முன்பு கவர்னர் ஜெனரலின் ஆலோசனைச் சபையில், காரியம் பெரிதோ சிறிதோ, காகிதங்கள் சபையின் அங்கத்தினர் எல்லோரிடமும் சுற்றிவர வேண்டும். ஒவ்வொருவரும் குறிப்பு எழுத வேண்டும். கானிங் பிரபு ஒவ்வோர் இலாகாவையும் ஒவ்வோர் அங்கத்தினரிடம் ஒப்படைத்து, சில்லறைக் காரியங்களை அவரே முடிக்கவும், முக்கியமானவற்றை மட்டும் கவர்னர் ஜெனரலிடமோ சபையிடமோ கொண்டுவரவும் வகை செய்தார். அவ்வாண்டின் இந்தியக் கவுன்சில்கள் சட்டம் அதற்குச் சட்ட பலம் தந்தது. ஓர் அங்கத்தினர் தனியே எடுத்த முடிவும் சபையோடு கூடிய கவர்னர் ஜெனரலின் முடிவாகவே பாவிக்கப்பட்டது. 1946 செப்டம்பரில் இடைக்கால சர்க்கார் அமைந்தபோது, நிர்வாகக் கவுன்சிலின் செயலகமே காபினெட் செயலகமாயிற்று. ஆட்சி மாறியும் காகிதம் நடக்கும் பாதை மாறவில்லை. சுதந்திரத்துக்குப் பின் இயந்திரத்தைச் செப்பனிடும் யோசனைகளை வகுத்தவர்களில் தஞ்சை ஜில்லாவிலிருந்து சென்ற என். கோபாலசாமி ஐயங்கார் முக்கியமானவர். சர்க்கார் இயந்திரத்தின் சீரமைப்பைப் பற்றி அவர் தந்த 1949-ஆம் ஆண்டு அறிக்கை, காபினெட்டின் வேலையை நிலைக்குழுக்களுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டுமென்று கூறியது. 1950-இல் என். ஆர். பிள்ளை முதல் காபினெட் செயலாளரானார்.

இன்று நடைமுறையிலுள்ளவை 1961 ஜனவரியில் பிறப்பிக்கப்பட்ட இரண்டு விதித் தொகுதிகள். ஒன்று அலுவல் பங்கீட்டு விதிகள். எந்த விஷயம் எந்த இலாகாவுக்கு உரியது என்று அது பட்டியலிடுகிறது. மற்றது அலுவல் நடைமுறை விதிகள். எக்காரியத்தை மந்திரி தாமே முடிக்கலாம், எதைப் பிரதம மந்திரியிடம் கொண்டுபோக வேண்டும், எதைக் காபினெட்டின் முன் வைத்தே தீரவேண்டும், எதை ஆணை பிறக்குமுன் ஜனாதிபதிக்குச் சமர்ப்பிக்க வேண்டும் என்று அது வகுத்துரைக்கிறது. ஒரு விஷயம் பல இலாகாக்களைத் தொடுவதானால், அவையெல்லாம் இணங்கும்வரை, அல்லது இணங்காவிட்டால் காபினெட் முடிவு செய்யும்வரை, ஆணை பிறப்பிக்கலாகாது. செலவு சம்பந்தப்பட்டால் நிதி இலாகா இசைய வேண்டும். ஆகவே ஒரு கோப்பு பிரிவு அலுவலரின் மேஜையில் பிறந்து, சார்புச் செயலாளர், துணைச் செயலாளர், இணைச் செயலாளர், செயலாளர் என்று படியேறி, பக்கத்து இலாகாக்களின் குறிப்புகளையும் சட்ட இலாகாவின் கருத்தையும் சுமந்துகொண்டு மந்திரியை அடைந்து, அங்கிருந்து காபினெட் குறிப்பாக உருமாறி, காபினெட் செயலகத்தின் வழியாகச் சபையின் நிகழ்ச்சி நிரலில் இடம்பெறுகிறது. இந்த நடையின் தாமதத்தைப் பரிகசிப்பது எளிது. பரிகசிக்கத் தக்க இடங்களும் அதில் உண்டு. ஆனால் ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர், இது சட்டத்துக்கு ஒத்ததன்று என்றோ, இதற்குப் பணமில்லை என்றோ, இன்னோர் இலாகா இதை எதிர்க்கிறது என்றோ, தம் பெயரையும் தேதியையும் இட்டு எழுதிவைக்க முடியும் என்பதை மறந்துவிடக் கூடாது. மந்திரி அக்குறிப்பைப் புறக்கணிக்கலாம், இல்லாமற்செய்ய முடியாது.

இத்தனை ஒழுங்கையும் வகுத்த அதே விதிகளில் பன்னிரண்டாவது விதி ஒன்று இருக்கிறது. எந்தக் காரியத்திலும், தாம் அவசியமென்று கருதும் அளவுக்கு, இவ்விதிகளினின்று விலகப் பிரதம மந்திரி அனுமதிக்கலாம், நேர்ந்த விலகலை மன்னிக்கவும் செய்யலாம் என்பது அதன் சாரம். அவசரக் காரியங்களுக்கு இப்படி ஒரு வழி எந்தச் சர்க்காருக்கும் வேண்டியதுதான். வெள்ளமும் யுத்தமும் காபினெட் கூடும்வரை காத்திருப்பதில்லை. ஆயினும் அவ்விதி காரணம் கேட்பதில்லை, காலவரம்பு விதிப்பதில்லை, விஷயத்தின் பெருமை சிறுமை பார்ப்பதுமில்லை.

1975 ஜூன் 12-ஆம் தேதி அலகாபாத் உயர்நீதிமன்றம் இந்திரா காந்தியின் தேர்தலைச் செல்லாதென்றது. 24-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி கிருஷ்ணய்யர் நிபந்தனையோடு கூடிய தடையுத்தரவு தந்தார். 25-ஆம் தேதி இரவு, மேற்கு வங்க முதல் மந்திரி சித்தார்த்த சங்கர் ராயுடன் கலந்த பிறகு, உள்நாட்டுக் குழப்பத்தைக் காரணம் காட்டி அவசரநிலையைப் பிரகடனம் செய்யுமாறு பிரதம மந்திரி ஜனாதிபதி ஃபக்ருதீன் அலி அகமதுக்குக் கடிதம் எழுதினார். பாகிஸ்தானுடன் யுத்தம் மூண்ட 1971 டிசம்பரில் பிறப்பித்த அவசரநிலை அப்போதும் ரத்தாகவில்லை. இது அதற்கு மேல் வந்த இரண்டாவது. காபினெட்டைக் கலந்திருப்பேன், ஆனால் இன்றிரவு அது சாத்தியமில்லை, ஆகவே பன்னிரண்டாம் விதியின்படி நடைமுறையினின்று விலகுகிறேன் என்னும் கருத்து அக்கடிதத்திலேயே இருந்தது. ஜனாதிபதி கையெழுத்திட்டார். எதிர்க்கட்சித் தலைவர்கள் இரவோடிரவாகக் கைதானார்கள். பத்திரிகை அச்சகங்கள் பலவற்றில் மின்சாரம் நின்றது. காபினெட் செயலாளருக்கே விடியற்காலையில்தான் செய்தி எட்டியது. 26-ஆம் தேதி காலை ஆறு மணிக்கு மந்திரிகள் கூட்டப்பட்டு, முடிந்துபோன காரியத்துக்குச் சம்மதம் தந்தார்கள்.

இதிலே நாம் கவனிக்க வேண்டியது, அன்றிரவு நடந்ததில் விதிப்புத்தகத்துக்கு முரணாகச் சுட்டிக்காட்டக்கூடியது மிகக் குறைவு என்பதுதான். ஜனாதிபதி ஆலோசனையை ஏற்றார். ஏற்கத்தான் வேண்டும் என்று முந்திய ஆண்டுதான் ஏழு நீதிபதிகள் கூறியிருந்தார்கள். பிரதம மந்திரி விதியினின்று விலகினார். விலகலாம் என்று விதியே கூறியது. காபினெட் பின்னர் அங்கீகரித்தது. சாசனத்தைத் தகர்க்க எவரும் சம்மட்டி எடுத்து வரவேண்டியிருக்கவில்லை. திறந்திருந்த கதவு வழியாக நுழைந்தாலே போதுமாயிருந்தது. மறுவருஷம் 42-ஆம் திருத்தம் 77-ஆம் ஷரத்தில் ஓர் உட்பிரிவைச் சேர்த்து, அலுவல் நடைமுறை விதிகளைத் தன்முன் கொண்டுவரும்படி எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாதென்று தடுத்தது. பொதுமக்கள் ஏறெடுத்தும் பாராத ஒரு விதித் தொகுதியை மறைப்பதற்கு ஒரு சர்க்கார் சாசனத்தையே திருத்தியது என்பதைவிட, அவ்விதிகளின் முக்கியத்துவத்துக்கு வேறு சாட்சியம் எனக்குத் தோன்றவில்லை.

1977-இல் ஜனதா சர்க்கார் வந்து, நீதிபதி ஷாவின் தலைமையில் அமைந்த கமிஷன் அந்த இரவின் நிகழ்ச்சிகளை மணிவாரியாகப் பதிவுசெய்தது. 1978-இன் 44-ஆம் திருத்தம் மேற்சொன்ன உட்பிரிவை நீக்கியது. உள்நாட்டுக் குழப்பம் என்னும் காரணத்தை ஆயுதம் தாங்கிய கிளர்ச்சி என்று குறுக்கியது. இரண்டு மாதத்துக்குள் பெறவேண்டியிருந்த பார்லிமெண்ட் அங்கீகாரத்தை ஒரு மாதத்துக்குள், அதுவும் விசேஷப் பெரும்பான்மையோடு, பெறவேண்டும் என்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிரதம மந்திரியும் காபினெட் அந்தஸ்துள்ள மந்திரிகளும் அடங்கிய சபையின் முடிவு எழுத்து மூலமாக வந்தாலன்றி ஜனாதிபதி அத்தகைய பிரகடனத்தைச் செய்யலாகாது என்று 352-ஆம் ஷரத்தில் சேர்த்தது. சாசனம் முழுவதிலும் காபினெட்டை இனம்கண்டு அதற்கென ஒரு கடமையை விதிக்கும் இடம் அது ஒன்றே. நேரு காலம் முதல் நாட்டை ஆண்டுவந்த அந்தச் சிறு சபைக்குச் சாசனத்தில் இடம் கிடைக்க, அதை உறங்கவைத்துவிட்டு நாட்டைக் கட்டிப்போட்ட ஓர் இரவு நேர வேண்டியிருந்தது.

அவசரநிலைக்கு ஏற்பட்ட பூட்டு மற்றவற்றுக்கு ஏற்படவில்லை. இதற்கிடையே பிரதம மந்திரியின் சொந்தக் காரியாலயமும் வளர்ந்துகொண்டே வந்தது. நேருவிடம் இருந்தது ஒரு சிறு அலுவலகம். 1964-இல் லால் பகதூர் சாஸ்திரி ஐ.சி.எஸ். அதிகாரி எல். கே. ஜாவைச் செயலாளராக்கி அதற்கு ஒரு செயலகத்தின் உருவம் தந்தார். இந்திரா காந்தியின் காலத்தில் பி. என். ஹக்ஸரின் கையில் அது கொள்கை பிறக்கும் இடமாயிற்று. 1969 ஜூலை 16-ஆம் தேதி மொரார்ஜி தேசாயிடமிருந்து நிதி இலாகா எடுக்கப்பட்டது. 19-ஆம் தேதி மாலை காபினெட் கூடி, பாங்குகளைத் தேசவுடைமையாக்க ஒப்புக்கொண்டது. அன்றிரவே, ஜனாதிபதியின் ஸ்தானத்திலிருந்த வி. வி. கிரி அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பதினான்கு பாங்குகள் தேசவுடைமையாயின. பார்லிமெண்ட் கூட இரண்டே நாள் இருந்தது. பின்னர்த் தாமே பிரதம மந்திரியாகி, செயலகத்தை அலுவலகம் என்று பெயர் மாற்றிய மொரார்ஜி தேசாய் அதைச் சுருக்கவும் முயன்றார். பின்வந்தவர்கள் விரிக்கவே செய்தார்கள். 1998-இல் பிரதம மந்திரியின் முதன்மைச் செயலாளரே தேசியப் பாதுகாப்பு ஆலோசகருமானார். 2016 நவம்பர் 8-ஆம் தேதி மாலை காபினெட் கூடியது. அன்றிரவு எட்டு மணிக்கு ஐந்நூறு ரூபாய், ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாவென்று பிரதம மந்திரி அறிவித்தார். முடிவெடுத்த முறையில் குற்றமில்லை என்று 2023-இல் சுப்ரீம் கோர்ட் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் கூறியது. ரகசியம் இன்றியமையாத காரியங்கள் உண்டென்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆலோசிப்பதற்கென ஏற்பட்ட சபை, அறிவிப்பைக் கேட்பதற்கெனக் கூடும் சபையாக மாறுவதற்கு இவை போன்ற மாலைகளே பழக்கம் செய்துவைக்கின்றன.

கூட்டணி ஆட்சிகளின் காலத்தில் இதற்கு நேர்மாறான கோளாறு தோன்றியது. எதையும் காபினெட்டில் முடிக்க இயலாமல் மந்திரிகளின் குழுக்களுக்கு அனுப்பினார்கள்; 2014 மே மாதத்தில் புதிய சர்க்கார் ஒரே உத்தரவில் கலைத்தபோது, அதிகாரம் பெற்ற குழுக்கள் ஒன்பதும் மற்றவை இருபத்தொன்றும் இருந்தன. மந்திரிகளின் தொகையோ, 2003-இல் 91-ஆம் திருத்தம் லோக்சபை அங்கத்தினரில் நூற்றுக்குப் பதினைந்து என்று வரம்பிடும்வரை, கட்சிகளின் பேரத்துக்கு ஏற்பப் பெருகிக்கொண்டிருந்தது. லோக்சபைக்கு மந்திரி சபை கூட்டாகப் பொறுப்புடையது என்னும் 75-ஆம் ஷரத்து வெறும் அலங்காரமன்று என்பதற்கு, 1999 ஏப்ரல் 17-ஆம் தேதி 269-க்கு 270 என்று ஒரே ஓட்டில் வாஜ்பாய் சர்க்கார் கவிழ்ந்ததே போதும்.

ஜனாதிபதியிடம் எஞ்சியிருப்பது என்ன? தெளிவான பெரும்பான்மை இல்லாதபோது பிரதம மந்திரியைத் தேர்வதில் ஓரளவு நிதானம், 78-ஆம் ஷரத்தின்படி தகவல் பெறும் உரிமை, திருப்பியனுப்பும் உரிமை. பட்டுக்கோட்டைப் பக்கத்து ராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன், தம் பதவியை மின்சாரம் நின்றபோது மட்டும் எரிந்து, அது வந்ததும் அணைந்துவிடும் அவசர விளக்கோடு ஒப்பிட்டார். ஜெயில் சிங், கடிதங்களைப் பிரித்துப் பார்க்க இடம் தரும் 1986-ஆம் ஆண்டுத் தபால் மசோதாவுக்குச் சம்மதமும் தராமல், திருப்பியும் அனுப்பாமல் வைத்திருந்தார். சாசனம் காலக்கெடு விதிக்காததை ஒரு கருவியாக்கிக்கொண்ட சாமர்த்தியம் அது. ஆயினும் நான் அதிகம் மதிப்பது கே. ஆர். நாராயணனின் முறையைத்தான். 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தில் ஜனாதிபதி ஆட்சியைச் சிபாரிசு செய்த குஜ்ரால் காபினெட்டின் முடிவை அவர் மறுபரிசீலனைக்கு அனுப்பினார். காபினெட் அதைக் கைவிட்டது. 1998-இல் பிகாரைப் பற்றி வாஜ்பாய் காபினெட்டுக்கும் அவ்வாறே அனுப்பினார். சில மாதங்களுக்குப் பின் சிபாரிசு மீண்டும் வந்தபோது கையெழுத்திட்டார். மறுத்தார் என்று ஒருவரும் சொல்ல முடியாது; மறுமுறை யோசிக்கச் செய்தார் என்பதே உண்மை.

அந்த யோசிக்கும் அவகாசம் இல்லாமற்போனால் என்ன நேரும் என்பதற்கும் பிகாரே உதாரணம் தந்தது. 2005 மே மாதத்தில், அம்மாநிலச் சட்டசபையைக் கலைக்குமாறு கவர்னர் அனுப்பிய அறிக்கையை ஏற்றுக் காபினெட் இரவில் முடிவெடுத்தது; ஜனாதிபதி அப்துல் கலாம் அப்போது மாஸ்கோவில் இருந்தார்; காகிதங்கள் பேக்ஸ் மூலம் அங்கே சென்று, அவர் கையொப்பத்தோடு திரும்பின. அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் அக்கலைப்பு சாசன விரோதம் என்றது. விரிவான தீர்ப்பு 2006 ஜனவரியில் வந்தபோது, கவர்னரைக் கண்டித்ததோடு, அவர் அறிக்கையை மந்திரி சபை பரிசீலித்துப் பார்த்திருக்க வேண்டும் என்றும் பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். அப்படிப் பார்க்க நீதிமன்றத்துக்கு வழி திறந்தது 1994-இன் பொம்மை வழக்கு: மந்திரிகள் என்ன ஆலோசனை சொன்னார்கள் என்று விசாரிக்க 74-ஆம் ஷரத்து தடையாயினும், எந்த ஆதாரத்தின்மேல் சொன்னார்கள் என்று விசாரிக்கத் தடையில்லை என்பது அதில் ஏற்பட்ட முடிவு.

ஆதாரத்தைப் பார்க்கலாம்; நடந்த முறையைப் பார்ப்பதற்கோ இன்னும் போதிய வழி ஏற்படவில்லை. 2019 நவம்பர் 23-ஆம் தேதி, மகாராஷ்டிரத்தில் ஜனாதிபதி ஆட்சி விடியற்காலை 5.47-க்கு விலக்கப்பட்டு, அன்று காலையிலேயே புதிய முதல் மந்திரி ஒருவர் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். காபினெட் கூடவில்லை, பயன்பட்டது அதே பன்னிரண்டாம் விதி. சபையில் பலத்தை நிரூபிக்குமாறு சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டதும் அந்த முதல் மந்திரி 26-ஆம் தேதி ராஜினாமா செய்தார். 352-ஆம் ஷரத்துக்குக் காபினெட்டின் எழுத்து மூலமான முடிவு வேண்டும் என்று 1978-இல் எழுதியவர்கள், மாநில ஆட்சியை மாற்றும் 356-ஆம் ஷரத்துக்கு அதை வேண்டவில்லை. அங்கும் அதை வேண்டுவது சாசனத் திருத்தத்துக்கு உரிய காரியம். இரு சபைகளின் விசேஷப் பெரும்பான்மையின்றி நடவாது. பன்னிரண்டாம் விதியின் கீழ் விலகும்போதெல்லாம் காரணத்தை எழுதிவைத்து, குறிப்பிட்ட நாட்களுக்குள் காபினெட்டின் முன்னும் பின்னர் பார்லிமெண்டின் முன்னும் வைக்க வேண்டும் என்று ஒரு வாக்கியம் சேர்ப்பதற்கோ அவ்வளவும் வேண்டியதில்லை. அவ்விதிகளைப் பார்லிமெண்டின் முன் சமர்ப்பிக்கும்படிகூட 77-ஆம் ஷரத்து கேட்கவில்லை. மந்திரி சபை விரும்பினால் அரசிதழில் ஓர் அறிவிக்கையால் முடிந்துவிடும். அவசரநிலையின் கொடுமையை அனுபவித்து ஆட்சிக்கு வந்த ஜனதா சர்க்காரும் அதைச் செய்யவில்லை.